ஆச்சியின் போட்டோவும் சூரியகாந்தியும்: சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

டிரங்குப்பெட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் நாசரேத்தில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தோம். ஆச்சியின் டிரங்குப் பெட்டி என் பங்குக்கு வந்தது. பாச்சை உருண்டை வாசத்தோடு நாலு வெள்ளைப் புடவை, ஓரம் சிதைந்த வேதாகமம், பாமாலைப் புத்தகம், எல்லாவற்றுக்கும் அடியில் தடித்த அட்டையில் ஒட்டிய ஒரு குரூப் போட்டோ. வலது மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. மூன்று வரிசையில் இளம்பெண்கள், நடுவில் நாற்காலியில் இரண்டு வெள்ளைக்கார அம்மாமார், பின்னால் பெரிய பெரிய தூண்கள்.

தரையில் உட்கார்ந்திருக்கும் வரிசையில் ஒருத்தியைப் பார்த்ததும் ஆச்சி என்று தெரிந்துவிட்டது. முகத்தை வைத்து இல்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையைப் பொத்தி மடியில் வைத்திருக்கிறாள். எண்பது வயதிலும் கோயிலில் அப்படித்தான் உட்காருவாள்.

அட்டையின் அடியில் ஒரு சூரியகாந்திப் பூ. 'உமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ், மெட்ராஸ்' என்று ஆச்சி கையெழுத்து. 1930களின் முதல் பாதியில் அவள் அங்கே பி.ஏ. படித்தாள் என்பது வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும். அவள் அப்பா உபதேசியார், கிராமத்துச் சபையில் போதிப்பவர். வீட்டில் ஆறு பிள்ளைகள். தேரிக்காட்டுப் பக்கம் இருந்து ஒரு பெண் பிள்ளை அந்தக் காலத்தில் ரயிலேறி மெட்ராஸ் போய் எப்படிப் படித்தாள்? அந்தக் கல்லூரி யார் வைத்தது, யார் காசு? தேடினால் முதல்வர்கள் பேர்தான் வரிசையாக வருகிறது. எனக்கு வேண்டியது அது இல்லை.

கூவக்கரை எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. நான் அந்தக் கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரி திறந்தது 1915 ஜூலையில். நுங்கம்பாக்கத்தில் இல்லை, கீழ்ப்பாக்கத்தில் 'ஹைடு பார்க்' என்ற ஒரு வாடகை வீட்டில். மாணவிகள் 41 பேர், ஆசிரியர்கள் 7 பேர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. முதல் முதல்வர் எலினார் மெக்டூகல், லண்டனில் வெஸ்ட்ஃபீல்டு என்ற பெண்கள் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் நடத்திக்கொண்டிருந்தவர். 1938 வரைக்கும் அவர்தான் முதல்வர். ஆக, உங்கள் ஆச்சி அவர் காலத்துப் பிள்ளை. போட்டோவில் நாற்காலியில் இருப்பவர்களில் ஒருவர் அவராகக்கூட இருக்கலாம்.

அடுத்த வருடமே, 1916இல், டவுட்டன் வீட்டுக்கு மாறிவிட்டார்கள். அந்தத் தூண்கள் அதனுடையவைதான் என்று நினைக்கிறேன். கூவம் ஆற்றை ஒட்டிய பெரிய தோட்டவீடு, கம்பெனிக் காலத்தது. பெயர் தந்தவர் ஜெனரல் ஜான் டவுட்டன். திப்பு சுல்தான் ஆங்கிலேயரிடம் பிணையாகக் கொடுத்த இரண்டு பையன்களை 1794இல் அப்பாவிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். வேப்பேரி டவுட்டன் வேறு, இந்த டவுட்டன் வேறு. வேப்பேரிப் பள்ளியின் பெயர் நிஜாம் படையில் இருந்த ஆங்கிலோ இந்தியரான கேப்டன் ஜான் டவுட்டனால் வந்தது. சென்னைக்காரர்களே இதைக் குழப்பிக்கொள்வார்கள்.

அந்த வீட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. பரோடா மன்னர் மல்ஹார் ராவ் கெய்க்வாட், ரெசிடெண்ட் என்ற ஆங்கிலேயப் பிரதிநிதியின் சர்பத்தில் விஷம் கலந்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு 1875இல் பதவி இழந்தாரே, அவரை வைத்திருந்தது இங்கேதான். ராஜாவைக் காவலில் வைத்த வீடு, சுமார் நாற்பது வருடத்தில் பெண் பிள்ளைகள் படிக்கிற இடமாயிற்று. அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவு வரும்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிச் சாலை என்ற பெயர் இந்தக் கல்லூரியால் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1812இல் தொடங்கி, பக்கத்தில் டி.பி.ஐ. என்று சொல்லும் பள்ளிக் கல்வித் துறை வளாகத்தில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியால் வந்த பெயர். ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரை இருந்த கல்லூரி.

பாளைச்சாலை எழுதியது:

டிரங்குப்பெட்டிம்மா, எங்கள் பக்கத்துப் பிள்ளையா நீங்கள்! நான் பாளையங்கோட்டையில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். கூவக்கரை ஐயா கல்லூரியிலிருந்து தொடங்கினார். நான் அதற்கு முன்னாலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆச்சியின் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது.

சென்னையில் பெண்களுக்கு முதல் கல்லூரி ராணி மேரி, 1914. இரண்டாவது இது, 1915. சரிதான். ஆனால் அதற்கு இருபது வருடத்துக்கு முந்தியே, 1890களின் நடுவில், பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. அதற்கும் முன்னால் அது பெண் ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளி. 'முதல்' என்று எழுதுகிறவர்கள் சென்னையோடு நின்றுவிடுகிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம்.

சாரா டக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. உடம்பு முடியாதவர். சகோதரர் ஜான் டக்கர் சென்னையில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷன் சங்கத்தின் மிஷனரி, அவர் எழுதிய கடிதங்கள் வழியாகத்தான் அவருக்கு நம் பெண்களைத் தெரியும். இங்கிலாந்தில் உட்கார்ந்தபடியே எழுதி, தோழிகளைச் சேர்த்து, பணம் திரட்டினார். இன்றைக்கும் பாளையில் ஆட்டோக்காரரிடம் 'சாரா டக்கர்' என்றால் போதும்.

உபதேசியார் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்களே. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். பகலில் பள்ளி, ஞாயிறு கோயில். உபதேசியார்தான் வாத்தியார். அந்த வீட்டுப் பெண் பிள்ளைக்கு எழுத்து தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உள்ளூர்ப் பள்ளி, அப்புறம் போர்டிங், அப்புறம் டிரெயினிங். அதற்கு மேலே படிக்கிற பிள்ளை என்று வாத்தியார்மார் கண்டால், உதவித்தொகைக்கு எழுதிப்போட்டு மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நேர்வழி எழுதியது:

மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். உதவித்தொகை, போர்டிங் எல்லாம் சரி. ஆனால் அந்தக் காசு எதற்காக வந்தது? மிஷன்கள் பள்ளி வைத்தது மதம் பரப்பத்தான். அதைச் சொல்லாமல் 'பெண் கல்வி' என்று மட்டும் சொன்னால் பாதி வரலாறுதான் ஆகும். டிரங்குப்பெட்டி அவர்களின் ஆச்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. கேட்டது வரலாறு என்பதால் கேட்கிறேன்.

கூவக்கரை எழுதியது:

கேட்கவேண்டிய கேள்வி தம்பி. அவர்கள் அதை ஒளித்து வைக்கவும் இல்லை. கல்லூரிப் பெயரிலேயே இருக்கிறது. படித்த கிறிஸ்தவப் பெண்களை உருவாக்க வேண்டும், அவர்கள் மிஷன் பள்ளிகளில் ஆசிரியைகளாக வேண்டும் என்பது வெளிப்படையான நோக்கம். அந்தப் பள்ளிகளுக்குப் பட்டம் பெற்ற ஆசிரியைகள் கிடைக்கவில்லை, கல்லூரி வைக்க அதுதான் உடனடிக் காரணம்.

ஆனால் பணம் வந்த வழியைக் கொஞ்சம் பாருங்கள். இந்தக் கல்லூரியை ஒரு மிஷன் தனியாக வைக்கவில்லை. பிரிட்டன், அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த 12 மிஷன் சங்கங்கள் சேர்ந்து வைத்தன. அதற்கு முன்னால் இவர்களில் பல பேர் ஒரே ஊரில் ஆளுக்கொரு பள்ளி, ஆளுக்கொரு கோயில் என்று தனித்தனியே இருந்தவர்கள். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்குப் பிறகுதான், உயர்கல்வி மாதிரிப் பெரிய வேலையைச் சேர்ந்து செய்தால்தான் முடியும் என்ற எண்ணம் வலுத்தது. பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் சென்னை கதீட்ரலில் உருவானதே, அதற்கு முப்பத்திரண்டு வருடம் முன்னாலேயே இந்தக் கல்லூரியில் பல சபைப் பெண்கள் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒன்றாக ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம் 1920களின் தொடக்கத்தில் ஒரு பெரிய நிதி திரட்டல். இந்தியா, சீனா, ஜப்பானில் இருந்த ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக. நம் சென்னைக் கல்லூரி, லக்னோ இசபெல்லா தோபர்ன், ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, நான்ஜிங்கில் ஜின்லிங், பீகிங்கில் இரண்டு, டோக்கியோவில் ஒன்று. அமெரிக்கச் சபைப் பெண்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் 10 லட்சம் டாலர் நாங்கள் தருகிறோம் என்று ராக்ஃபெல்லர் குடும்ப நிதியம் சொன்னது. லூசி பீபாடி, ஹெலன் மான்ட்கோமெரி என்ற இரண்டு பெண்கள் தலைமையில் ஊர் ஊராகத் திரட்டினார்கள். 1923 தொடக்கத்துக்குள் சேர்த்தும் விட்டார்கள். அதில் பெரும்பகுதி பணக்காரர் செக் இல்லை, மாதர் சங்கங்களில் சேர்ந்த சிறு சிறு காசு.

இதில் ஜின்லிங் பற்றி நினைத்தால் மனது கனக்கும். நம் கல்லூரி மாதிரியே 1915இல் வகுப்பு தொடங்கிய கல்லூரி அது. 1919இல் அங்கே 5 பெண்கள் பட்டம் பெற்றார்கள், அவர்களில் ஒருவரான வூ யீஃபாங் பின்னால் அதே கல்லூரிக்குத் தலைவரானார். 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை நான்ஜிங்கில் நுழைந்தபோது அந்த வளாகத்துக்குள் சுமார் 10,000 பெண்களும் குழந்தைகளும் அடைக்கலம் புகுந்தார்கள். வாசலில் நின்று காத்தவர் மின்னி வாட்ரின் என்ற ஆசிரியை. ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு கல்லூரிகள், ஒன்றின் தலையில் எழுதியது அப்படி. ஆச்சி படித்து முடித்து இரண்டு மூன்று வருடத்தில் நடந்தது இது.

மானிப்பாய்மகள் எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கட யாழ்ப்பாணத்தில் 'கல்லூரி' என்றால் பள்ளிக்கூடம்தான், முதலாம் வகுப்பிலிருந்தே கல்லூரி. ஆகவே உடுவில் மகளிர் கல்லூரி என்று நான் சொன்னால் பட்டப்படிப்பு என்று நினைக்க வேண்டாம். ஆனால் வேர் ஒன்றுதான். 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது. ஹேரியட் வின்ஸ்லோ அம்மா தொடங்கினார். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோதான் பிறகு சென்னைக்குப் போய் 1862இல் அந்தப் பெரிய தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்டவர்.

எலைசா ஆக்னியு என்ற அம்மா 1840இல் வந்து, உடுவிலில் நாற்பது வருடத்துக்குக் கிட்டப் படிப்பித்தார். ஒரு தடவை கூட அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவில்லை. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையும் அவரிடம் படித்த குடும்பங்கள் உண்டு. என்னுடைய அம்மம்மாவின் அம்மம்மா அப்படிப் படித்தவர். படிப்பு முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பிள்ளைகளுக்கு ஆரம்ப காலத்தில் மிஷனே சீதனம் கொடுத்தது. நேர்வழி தம்பி கேட்டதற்கு இதுவும் ஒரு விடை. அதில் மதம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்கட ஊரில் ஒரு பெண் பிள்ளையை ஒன்பது பத்து வருடம் வீட்டை விட்டு அனுப்பத் தாய் தகப்பன் துணிந்ததும் அதே கதையில்தான் இருக்கிறது. அந்தத் துணிவை அமெரிக்காவிலிருந்து யாரும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை.

பூவிதழ் எழுதியது:

நான் தாவரவியல் மாணவி. கல்லூரிப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஈ. கே. ஜானகி அம்மாள். தலசேரியில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் 1921இல் ஆனர்ஸ் முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தது மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில்தான். அங்கே இருக்கும்போதே பார்பர் உதவித்தொகை கிடைத்து மிச்சிகன் போனார், திரும்பி வந்து மறுபடியும் அங்கேயே பாடம் நடத்தினார், பிறகு மீண்டும் போய் 1931இல் டி.எஸ்சி. என்ற அறிவியல் முனைவர் பட்டம் வாங்கினார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி, லண்டன், அது எல்லாம் அப்புறம். ஒரு மக்னோலியா மர வகைக்கே அவர் பெயர் இருக்கிறது.

அவர் கிறிஸ்தவர் இல்லை, தீயர் சமூகத்துப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண், மைக்ரோஸ்கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற பெண்களுக்கு வேர்நுனியை வெட்டி ஸ்லைடு போடச் சொல்லிக்கொடுப்பதற்கு நம் ஊரில் எத்தனை இடம் இருந்திருக்கும்?

வேர்நுனியைச் சாயத்தில் போட்டு, கவர் கிளாஸை வைத்து, கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் கொஞ்சம் சறுக்கினாலும் செல்கள் புரண்டு குரோமோசோம் எண்ண முடியாது. நான் முதல் முறை சரியாகப் போட்ட அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் துறையில் நமக்கு முன்னால் நடந்தவர் ஒருத்தி நுங்கம்பாக்கத்தில் நின்று பாடம் எடுத்திருக்கிறார் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

நேர்வழி எழுதியது:

ஜானகி அம்மாள் அங்கே வேலை பார்த்தது எனக்குத் தெரியாது. நன்றி. மானிப்பாய் அக்கா சொன்னதையும் ஏற்கிறேன், பெற்றோர் துணிந்ததை நான் யோசிக்கவில்லை.

இன்னொரு மனக்குறை இருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில். என் அம்மா வேறு ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், தமிழில் பேசியதற்கு அபராதம் கட்டியிருக்கிறாள். படிப்பு கொடுத்தது ஒரு கையால், நாக்கை வாங்கியது இன்னொரு கையால் என்று அவள் சொல்வாள். கடைசி வரைக்கும் அந்த வலி அவளுக்குப் போகவில்லை.

பாளைச்சாலை எழுதியது:

தம்பி, அம்மா சொன்னது சத்தியம். நானும் அந்த அபராதம் கட்டினவள்தான். அதற்கு நியாயம் சொல்ல வரமாட்டேன்.

சென்னைக் கல்லூரியில் ஆங்கிலம் வந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இல்லை. மலையாளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், கன்னடப் பிள்ளைகள். அன்றைய மதராஸ் மாகாணமும் பக்கத்துச் சமஸ்தானங்களும் அந்த விடுதியில் ஒன்றாக இருந்தன. பக்கத்துக் கட்டில்காரியோடு பேச ஆங்கிலம்தான் வழி. ஆனால் லீவுக்கு ஊர் வந்ததும் அந்தப் பிள்ளைகள் பேசியது எந்த மொழி, பிற்பாடு வகுப்பில் நடத்தியது எந்த மொழி?

எனக்கு ஆறாம் வகுப்பில் பாடம் எடுத்தவர் அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு எல்.டி. முடித்தவர். அப்போது பி.ஏ. முடித்தால் ஆசிரியைப் பயிற்சிக்கு எல்.டி. என்று பட்டம். 1923இல் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் பயிற்சிக் கல்லூரி இன்றைக்கும் வேப்பேரியில் இருக்கிறது. டீச்சர் எப்போதும் வெள்ளைப் புடவைதான், தோளில் ஒரு ஊக்கு, கையில் சாக்பீஸ் டப்பா. இங்க் கறை படாத சுண்டுவிரலால் எங்கள் கணக்கு நோட்டில் தப்பான வரியைத் தொட்டுக் காட்டுவார், வாயால் தப்பு என்று சொல்லவே மாட்டார். பனங்கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். அவர் எங்களுக்குப் பூகோளம் நடத்தியது முழுக்க எங்கள் ஊர்த் தமிழில்.

டிரங்குப்பெட்டிம்மா கேட்டதற்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். கட்டடம், பணம், முதல்வர் எல்லாம் ஐயா சொன்னார், அதுவும் வேண்டும். ஆனால் அந்தக் கல்லூரியின் வரலாறு நுங்கம்பாக்கத்துக்குள் இல்லை. படித்துவிட்டுத் திரும்பிப் போன பிள்ளைகள் எந்தெந்த ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்தார், எல்லாருக்கும் தெரியும், தெரியவும் வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் 41 பெண்கள் ஒரே வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். அந்த 41 பேரில் ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா?

கல்லூரியின் வாசகத்தை ஆச்சி சொல்லியிருப்பாளே? விளக்கு மாதிரி, ஏற்றப்பட்டது, ஏற்றுவதற்கு என்று வரும். எங்கள் டீச்சர் தமிழில் அப்படித்தான் சொல்வார்.

டிரங்குப்பெட்டி எழுதியது:

டீச்சர், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆச்சியும் வாத்தியார்தான், சாயர்புரம் பக்கம் இருபத்தெட்டு வருடம். வாசகம் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஆனால் மாலையில் ஒரு அரிக்கேன் விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றும்போது தீக்குச்சி கிழிக்க விடமாட்டாள், காகிதச் சுருளால் இதிலிருந்து அதற்கு ஏற்றச் சொல்வாள். சிக்கனம் என்று நினைத்திருந்தோம். சிக்கனமாகவும் இருக்கலாம்.

போட்டோவின் பின்பக்கம் பென்சிலில் நிறைய எழுதியிருக்கிறது. மங்கிவிட்டது, படிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

சுவடிக்காரர் எழுதியது:

தாமதமாக வருகிறேன். நான் பழைய ஆவணங்களோடு வேலை செய்பவன். தயவுசெய்து அட்டையிலிருந்து போட்டோவை உரிக்காதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதாதீர்கள்.

பென்சில் எழுத்து மங்கினாலும் அதன் பள்ளம் காகிதத்தில் இருக்கும். இருட்டறையில் அட்டையை மேசையில் படுக்க வைத்து, டார்ச் விளக்கை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்குப் பிடியுங்கள். விளக்கை மெதுவாகச் சுற்றுங்கள், எழுத்து எழும்பும். போன் கேமராவை நேர் மேலே நிறுத்தி நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். வேலை முடிந்ததும் அமிலம் இல்லாத தாளில் சுற்றி, படுத்த நிலையில் வையுங்கள். பாச்சை உருண்டை பக்கத்தில் வேண்டாம்.

கூவக்கரை எழுதியது:

தூண்கள் டவுட்டன் வீட்டுத் தூண்கள்தானா என்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். உள்ளே விட்டால் படிக்கட்டையும் எண்ணிவிட்டு வருகிறேன். உங்கள் போட்டோவில் எத்தனை படி தெரிகிறது?

டிரங்குப்பெட்டி எழுதியது:

ஐயா, படி நாலு தெரிகிறது, அதற்குக் கீழே பிள்ளைகள் உட்கார்ந்து மறைத்துவிட்டார்கள்.

சுவடிக்காரர் சொன்னபடி நேற்று ராத்திரி செய்தோம். என் மகன் டார்ச் பிடித்தான். எழுத்து எழும்பி வந்தது! மூன்று வரிசைக்கும் ஆச்சி வரிசையாக எழுதியிருக்கிறாள். பேர், பக்கத்தில் ஊர். கோட்டயம் நாலு பேர். பெஜவாடா இரண்டு. மங்களூர், நாகர்கோவில், வேலூர், திருவல்லா, குண்டூர், பாளை. ஒரு பேருக்குப் பக்கத்தில் ஊர் இல்லாமல் 'நல்லா பாடுவாள்' என்று மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் சின்னதாகச் சிலுவைக் குறி, அதற்குக் கீழே வேறு பென்சிலில், பிற்பாடு எழுதியதுபோல, '1943' என்று.

தரையில் இருக்கும் வரிசையில் மூன்றாவது இடத்தில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. 'நான்' என்று எழுதியிருக்கிறாள்.

பேர்களை இங்கே போடவில்லை, அவரவர் வீட்டாரிடம் கேட்காமல் போடக்கூடாது. ஆனால் வலது மூலையைப் பூச்சி தின்றதில் மேல் வரிசையில் நாலு பேர் முகமும் பேரும் போய்விட்டன. இதே போட்டோ இன்னொரு வீட்டில், இன்னொரு பெட்டியில் இருக்கவேண்டும். அட்டையில் சூரியகாந்தி, நாலு படி, தரையில் ஏழு பேர், இடது ஓரத்தில் ஒரு பூந்தொட்டி. கோட்டயம், திருவல்லா, குண்டூர்ப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் யாராவது பார்த்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள். அந்த நாலு பேர் வேண்டும்.